வாசற்படிக்கு வெளியே நிற்கும் பார்வையாளர்: அந்தோனெல்லோவின் புனித ஜெரோம்

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 'படிப்பறையில் புனித ஜெரோம்' ஓவியத்தின் உயரம் 45.7 செ.மீ., அகலம் 36.2 செ.மீ. ஏ3 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குள் கோயில் போன்ற ஒரு கற்கட்டடம், அதன் நடுவே மரத்தால் ஆன ஒரு படிப்பறை, ஓடு பதித்த தரை, ஒரு சிங்கம், ஒரு பூனை, மயில், கௌதாரி, பித்தளைத் தாம்பாளம், தொட்டிச் செடிகள், ஆணியில் தொங்கும் துண்டு, கழற்றிவிட்ட மிதியடி, அலமாரி நிறைய புத்தகங்களும் ஜாடிகளும், ஜன்னலுக்கு அப்பால் ஆறும் மதில் சூழ்ந்த ஓர் ஊரும் இருக்கின்றன. வரைந்தவர் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரத்து அந்தோனெல்லோ. காலம் ஏறத்தாழ 1475.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மளிகைப் பட்டியல் போல ஆரம்பிப்பார்கள்: மயில் என்றால் இது, தாம்பாளம் என்றால் அது. அர்த்தங்கள் உண்டு, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே ஆரம்பித்தால் ஓவியர் செய்த முக்கியமான வேலை கண்ணில் படாமலே போய்விடும். பார்ப்பவரை எங்கே நிறுத்துவது, எவ்வளவு தூரம் உள்ளே விடுவது, எந்த இடத்தில் தடுப்பது என்பதுதான் அந்த வேலை. பொருள்களெல்லாம் அந்தக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்தவை.

முதலில் யார் இந்த ஜெரோம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தமிழ்க் கத்தோலிக்கர் எரோணிமுஸ் என்றும் அழைக்கும் இவர் 4-ஆம் நூற்றாண்டில் ஸ்திரிதோன் என்ற ஊரில் பிறந்தவர். 382 முதல் சில ஆண்டுகள் ரோமில் திருத்தந்தை தமாசுவிடம் செயலராக இருந்தார். பிறகு பெத்லகேமில் தங்கி விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்தார். 420-இல் அங்கேயே இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி என்ற வழக்கமே கிடையாது. அது 13-ஆம் நூற்றாண்டில், திருத்தந்தை 4-ஆம் இன்னொசென்ட் காலத்தில் வந்தது. ரோமில் திருத்தந்தைக்கு உதவியாக இருந்தவர் என்பதால், பிற்கால ஓவியர்கள் அவருக்குத் தங்கள் காலத்துக் கர்தினால் உடையைப் போட்டுவிட்டார்கள். சிங்கமும் அப்படித்தான். முள் தைத்த பாதத்தோடு மடத்துக்கு வந்த சிங்கத்துக்கு வைத்தியம் பார்த்த கதை முதலில் ஜெராசிமுஸ் என்ற வேறொரு துறவியுடையது. பெயர் ஒற்றுமையால் அது ஜெரோம் கணக்கில் ஏறியது. 13-ஆம் நூற்றாண்டுப் புனிதர் கதைத் தொகுப்புகள் ஐரோப்பா முழுக்க அதைப் பரப்பின.

ஓவியர்கள் ஜெரோமை இரண்டு விதமாக வரைந்தார்கள். ஒன்று, பாலைவனத்தில் கல்லால் நெஞ்சில் அடித்துக்கொள்ளும் தவசி. மற்றொன்று, படிப்பறையில் உட்கார்ந்திருக்கும் அறிஞர். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பழைய லத்தீன், கிரேக்க நூல்களைத் தேடிப் படித்தவர்களுக்கு இரண்டாவது உருவம் மிகவும் பிடித்துப்போயிற்று. அதற்குக் காரணம் உண்டு. கனவில் தீர்ப்பு நாளின் நீதிபதி முன் நின்றபோது, "நீ கிறிஸ்தவன் இல்லை, சிசெரோவின் ஆள்" (சிசெரோ கிறிஸ்தவத்துக்கு முந்தைய ரோமின் லத்தீன் எழுத்தாளர்) என்று கண்டிக்கப்பட்டதாக ஜெரோமே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இலக்கிய ஆசையையும் பக்தியையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு திண்டாடியவர்களுக்கு அவர் ஆகிவந்த புனிதர்.

இனி ஓவியத்துக்கு வருவோம். பார்க்க வேண்டிய முதல் பகுதி, பெரும்பாலோர் பார்க்காமல் தாண்டிப்போகும் பகுதி: ஓரங்கள். படத்தின் நான்கு பக்கமும் கல்லால் ஆன ஒரு வாசல் சட்டம் வரையப்பட்டிருக்கிறது. மேலே தட்டையான வளைவு. நேப்பிள்ஸை ஆண்ட அராகோன் அரச வம்சத்தோடு அங்கே வந்த கத்தலோனியக் கட்டடப் பாணியை நினைவூட்டுவது. கீழே ஒரு வாசற்படி. மயிலும் கௌதாரியும் தாம்பாளமும் அந்தப் படிமேல்தான் இருக்கின்றன. நாம் வெளியே நிற்கிறோம், ஜெரோம் உள்ளே இருக்கிறார், இரண்டுக்கும் இடையில் ஒரு கல் எல்லை. பறவைகள் நம் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில்.

இணையத்திலும் அட்டைப் படங்களிலும் இந்த ஓவியம் கெட்டுப்போவது இங்கேதான். வடிவமைப்பவர் "வெறும் கல்தானே" என்று சட்டத்தை வெட்டிவிட்டு, சிவப்பு உடைக்காரரை நடுவில் பெரிதாக்கி வைத்துவிடுகிறார். வெட்டிய படத்தில் ஒரு மனிதர் படித்துக்கொண்டிருக்கிறார்; அவ்வளவுதான். முழுப் படத்தில், படிக்கும் மனிதரை நாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து புத்தகத்தில் இருக்கிறார். நல்ல முழுப்படம் கிடைத்தால், ஒரு தாளால் கல் சட்டத்தை மறைத்தும் எடுத்தும் பாருங்கள். சட்டம் மறைந்தவுடன் மரப் படிப்பறை முன்னே தள்ளிக்கொண்டு வரும். சட்டம் வந்ததும் பின்வாங்கிப் போகும்.

அளவும் இதோடு சேர்ந்தது. உட்கார்ந்திருக்கும் ஜெரோமின் உருவம் ஒரு சாண் கூட வராது. மனிதக் கண், நல்ல வெளிச்சத்தில், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவு நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்கும். 40 செ.மீ. தூரத்தில் அது ஏறத்தாழ 0.12 மி.மீ.; ஒரு மீட்டரில் 0.3 மி.மீ. அந்தோனெல்லோ இந்த இரண்டு தூரங்களுக்கும் சேர்த்தே வரைந்திருக்கிறார். ஒரு மீட்டரில் கட்டடமும் ஒளியும் தெரியும். முகத்தைப் பலகைக்கு அருகே கொண்டுபோனால்தான் ஜன்னலுக்கு வெளியே உள்ள பொடி மனிதர்கள் தெரிவார்கள். கைபேசித் திரையில் இது நடக்காது. பெரிதாக்கினால் நுணுக்கம் வரும், முழுமை போய்விடும். சிறிதாக்கினால் மறுபடி தலைகீழ். 24 அங்குல மானிட்டரின் உயரம் 30 செ.மீ.தான். 27 அங்குலத்தை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தாலும் அகலம் போதாது. உண்மை அளவில் பார்க்க ஏ2 தாளில் அச்சிடுவது நல்லது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஏறத்தாழ 4,275 × 5,400 பிக்சல் படம் வேண்டும். அச்சிடும் கடையில் "தாளுக்குப் பொருத்து" என்ற அமைப்பை அணைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏ2 முழுவதும் இழுத்துவிடுவார்கள், அளவு போய்விடும். இன்னொன்று: மலிவான அச்சில் வலப்பக்க நிழல் முழுக்கக் கறுப்பாகிவிடும், சிங்கம் காணாமல் போகும். சோதனை அச்சில் முதலில் சிங்கம் தெரிகிறதா என்று பாருங்கள். சிங்கத்துக்காக மொத்தப் படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் மேல் ஜன்னல்களின் வானம் வெளுத்துவிடும், அதுவும் கூடாது.

தரையை அளந்து பார்க்க ஒரு ஸ்கேல் போதும். புளோரன்ஸில் கட்டடக் கலைஞர் அல்பெர்த்தி 1435-இல் எழுதி வைத்த பர்ஸ்பெக்டிவ் முறைப்படி, பார்ப்பவரை விட்டு நேராக விலகிப் போகும் இணைகோடுகள் எல்லாம் படத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். அதுதான் மறைபுள்ளி. அச்சிட்ட படத்தின் மேல் டிரேசிங் தாளை ஒட்டி, தரை ஓடுகளின் உள்நோக்கிப் போகும் ஓரங்களைக் கூர்மையான பென்சிலால் நீட்டுங்கள். இடது கோடியில் இரண்டு, வலது கோடியில் இரண்டு எடுத்தால் போதும். நடுவில் உள்ள ஓடுகளை எடுக்கக் கூடாது. அவற்றின் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக இருப்பதால் அரை மி.மீ. பிசகினாலும் சந்திக்கும் இடம் வெகுதூரம் நகர்ந்துவிடும். வளைந்த அச்சு, சாய்வாக எடுத்த புகைப்படம் இரண்டும் இந்தப் பயிற்சியைக் கெடுக்கும். படத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சம நீளம்தானா என்று முதலில் அளந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோடுகள் ஜெரோமின் மார்பும் கைகளும் புத்தகமும் உள்ள பகுதியை நோக்கிக் குவியும். ஒரு புள்ளியில் ஊசி குத்தியதுபோல் சேரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். இது சின்னப் படம், கோடுகள் குட்டையானவை, ஒரு சிறு வட்டத்துக்குள் வந்தாலே போதும். முக்கியமானது அந்த உயரம். மறைபுள்ளி இருக்கும் உயரம்தான் நம் கண்ணின் உயரம். ஜெரோம் படிகள் வைத்த மேடைமேல் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நிற்கும் நம் கண் ஏறத்தாழ அவர் கைகளின் மட்டத்துக்குப் போகிறது. அந்த உயரத்துக்குக் கீழே உள்ள தட்டைப் பரப்புகளின் மேற்புறமும், அதற்கு மேலே உள்ளவற்றின் அடிப்புறமும் தெரிய வேண்டும் என்பது விதி. மரப் படிப்பறையின் தட்டுகளில் இதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். பொழுது போவதே தெரியாது.

கோடுகள் எங்கே போகின்றனவோ அங்கேதான் படிப்பும் நடக்கிறது. கண் எங்கெங்கோ அலைந்தாலும் தரையும் சுவரும் அதைத் திருப்பிப் புத்தகத்துக்கே அனுப்பிவிடுகின்றன. ஒளியும் அப்படியே. பின்பக்கம் கீழே ஜன்னல்கள், மேலே வானமும் பறவைகளும் தெரியும் ஜன்னல்கள். ஆனால் ஜெரோமின் மேல் விழும் முக்கிய ஒளி அவற்றிலிருந்து வரவில்லை. நாம் நிற்கும் வாசல் வழியாக, முன்னாலிருந்து வருகிறது. பின் ஜன்னல் ஒளி தூண்களின் ஓரங்களையும் தரையையும் மட்டும் தொடுகிறது. ஒரே அறையில் எதிரெதிராக வரும் இரண்டு ஒளிகளைக் கலக்காமல் காட்டுவது சாதாரண வேலையில்லை. வலப்பக்கத் தூண் வரிசைக்குக் கீழே இரண்டும் சரியாக எட்டாத இடம் ஒன்று உண்டு. சிங்கம் நிற்பது அங்கேதான். மற்ற ஓவியர்கள் ஜெரோமின் அடையாள அட்டைபோல முன்னால் படுக்க வைக்கும் மிருகத்தை இவர் இருட்டில் நிறுத்தியிருக்கிறார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் வரையவில்லை. இது ஒரு புனிதர் என்று நமக்குத் தெரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாகவே எனக்குப் படுகிறது.

மரப் படிப்பறை கற்பனைப் பொருள் இல்லை. கல் கட்டடத்தின் நடுவே இப்படி ஒரு மரக் கூடு அமைத்துக்கொள்வதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. கல் தரை குளிரும், ஈரம் கசியும். அதனால் பலகை மேடை. மேடைக்கு மிதியடியைக் கழற்றிவிட்டு ஏறுகிறார்கள். மண்ணும் ஈரமும் மேலே வராது. இருக்கை, சாய்வு மேசை, தட்டு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் எழுந்திருக்காமலே நான்கைந்து நூல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கு அதுதான் தேவை: மூலம் ஒன்று, பழைய பெயர்ப்பு ஒன்று, விளக்கவுரை ஒன்று. சுவர் இல்லாத கூடு என்பதால் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் கிடைக்கும்; விளக்கு வைத்துப் படிப்பது மெழுகுச் செலவும் தீ அபாயமும் உள்ள காரியம்.

புத்தகங்கள் வைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். இன்றைய அலமாரியில்போல முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கவில்லை. சில படுத்திருக்கின்றன, சில திறந்து சாய்ந்திருக்கின்றன. அக்காலத்துப் புத்தகக் கட்டு மரப்பலகைமேல் தோல். மூலைகளில் உலோகக் குமிழ், ஓரத்தில் கொக்கி. ஆட்டுத்தோல், கன்றுத்தோல் ஏடுகள் ஈரக் காற்றில் உப்பும், அதனால்தான் கொக்கி போட்டு இறுக்குவார்கள். குமிழ் வைத்த புத்தகங்களை நெருக்கி நிறுத்தினால் ஒன்றின் தோலை மற்றொன்று கிழிக்கும். முதுகில் பெயர் எழுதும் வழக்கம் பரவியதும் பின்னால்தான். ஓவியர் அழகுக்காகக் கலைத்துப் போடவில்லை, புழங்கும் நூலறை அப்படித்தான் இருந்தது. கர்தினால் தொப்பியும் அதே அலட்சியத்தோடு அவருக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் கிடக்கிறது.

இதெல்லாம் எண்ணெய் வண்ணத்தால் சாத்தியமானது. அந்தோனெல்லோவின் இளமைக் காலத்தில் இத்தாலியில் பலகை ஓவியம் என்றால் பெரும்பாலும் டெம்பரா: நிறப்பொடியை முட்டை மஞ்சள் கருவில் குழைத்து வரைவது. டெம்பரா நிமிடங்களில் காய்ந்துவிடும். இரண்டு நிறங்களை ஈரத்தில் இழைத்துக் கலக்க முடியாது. மெல்லிய கோடு கோடாக அடுக்கித்தான் உருட்சியைக் காட்ட வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் வால்நட் எண்ணெயும் நீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகின்றன. ஒரு நாள், சில நிறங்களில் அதற்கும் மேல், வேலை செய்ய நேரம் கிடைக்கும். காய்ந்த பிறகு அதன்மேல் கண்ணாடிபோல மெல்லிய நிற எண்ணெய்ப் பூச்சுகளை ஏற்றலாம். ஒளி அந்தப் பூச்சு வழியே உள்ளே போய், அடியிலுள்ள வெளிர் தளத்தில் பட்டுத் திரும்பி வரும். நிழலுக்கு ஆழம் வருவது இப்படி. டெம்பராவில் இந்தச் சிங்கத்தை வரைந்திருந்தால் ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும், அல்லது கறுப்புக் கறையாகப் போயிருக்கும். இருட்டுக்குள் பாதி தெரிவது எண்ணெய்க்கே உரியது.

பலகை லிண்டன் மரம். இத்தாலியர் வழக்கமாகப் பயன்படுத்தியது பாப்லர், பிளெமிஷ் நாட்டவர் (இன்றைய பெல்ஜியப் பகுதியினர்) ஓக்; இது இரண்டும் இல்லை. லிண்டன் மென்மையானது, இழை சீரானது, நுண்ணிய வேலைக்கு ஏற்றது. ஆனால் பூச்சி விரும்பும். பொதுவாக இப்படிப்பட்ட பலகைக்கு முதலில் தோல் அல்லது எலும்புப் பசை பூசுவார்கள். அதன்மேல் ஜெஸ்ஸோ: இத்தாலியில் ஜிப்சம், வடக்கே சுண்ணாம்புத் தூள், இரண்டிலும் பசை கலந்து பல தடவை. காய்ந்ததும் தந்தம்போல வழவழப்பாகத் தேய்ப்பார்கள். பிறகு வரைகோடு, அதன்மேல் வண்ணம்.

ஒவ்வொரு படியிலும் கெடுவதற்கு வழி இருக்கிறது. பசை கெட்டியாகிவிட்டால் ஜெஸ்ஸோ சுருங்கி வெடிக்கும். நீர்த்துப்போனால் பொடியாக உதிரும். மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இழைக்குக் குறுக்காக விரியும், சுருங்கும். ஜெஸ்ஸோ அப்படி அசையாது, ஆகவே இழையை ஒட்டி நீளமான விரிசல்கள் விழும். எண்ணெய் அதிகமானால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடி ஈரமாகவே இருந்து, பரப்பு சுருக்கம் விழும். செப்புப் பச்சைப் பூச்சு நாளடைவில் பழுப்பாகும். பழைய ஓவியங்களில் புல்லும் மரமும் காபி நிறத்தில் இருப்பதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பிற்காலத்துச் சுத்தம் செய்யும் வேலை: பழுப்பேறிய வார்னிஷை எடுக்கிறேன் என்று தேய்க்கும்போது மேலேயுள்ள நிறப் பூச்சும் சேர்ந்து போய்விடும். நிழல் தட்டையாகிவிட்ட ஓவியத்தைக் கண்டால் ஓவியரைக் குறை சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நூற்றாண்டுகள் போகப் போக எண்ணெய் வண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி ஊடுருவுவதாக மாறும். மறைத்து வரைந்த பழைய கோடு மேலே எட்டிப் பார்க்கும். இதற்கு நல்ல உதாரணம் இதே கேலரியிலுள்ள அந்தோனெல்லோவின் இன்னொரு படம், 1465 என்று தேதி எழுதிய 'உலக மீட்பர்'. அதில் ஆசி தரும் கையை முதலில் ஒரு நிலையில் வரைந்து, பிறகு விரல்கள் நம்மை நோக்கி நீளும்படி மாற்றியிருக்கிறார். முதல் கையின் தடமும், சட்டைக் கழுத்தின் பழைய கோடும் இன்று வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன.

அந்தப் படத்தின் கீழே மடிந்த தாள் துண்டு ஒன்று ஒட்டியிருப்பதுபோல வரைந்து, அதில் "மெஸ்ஸினா அந்தோனெல்லோ என்னை வரைந்தார்" என்று எழுதியிருப்பார். இது அவருடைய வழக்கம். ஜெரோம் படத்திலும் அதேபோல ஒரு சின்னத் தாள் மேசைப் பலகையில் ஒட்டியிருக்கிறது. ஓவியரின் பெயர் இருக்கும் என்று ஆவலோடு கிட்டே போனால், எழுத்தே இல்லை. எழுத்துபோலத் தோன்றும் கீறல்கள் மட்டும்.

இதில் ஏமாந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. வெனிஸில் மார்கந்தோனியோ மிக்கியேல் என்ற கலை ஆர்வலர், வீடு வீடாகப் போய் அங்கிருந்த ஓவியங்களைப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருந்தார். 1529-இல் பாஸ்குவலீனோ என்பவர் வீட்டில் இந்த ஓவியத்தைக் கண்டார். அந்தத் தாளில் ஓவியர் பெயர் இருப்பதுபோலத் தோன்றுகிறது, உற்றுப் பார்த்தால் ஓர் எழுத்தும் இல்லை, எல்லாம் பாவனை என்று அவரும் எழுதியிருக்கிறார். மயில், கௌதாரி, நாவிதரின் கிண்ணம் மூன்றையும் தனியாகக் குறிப்பிடுகிறார். கவனிக்க வேண்டியது அந்த மூன்றாவது. நாம் புனிதச் சின்னம் என்று விளக்கம் தேடும் பாத்திரம், அந்தக் காலத்து வெனிஸ்காரர் கண்ணுக்குச் சவரக் கிண்ணம்.

யார் வரைந்தது என்பதில் மிக்கியேலுக்கே உறுதி இல்லை. சிலர் அந்தோனெல்லோ என்கிறார்கள், ஆனால் பெரும்பாலோர் பிளெமிஷ் ஓவியர்களான யான் வான் எய்க் அல்லது மெம்லிங் என்கிறார்கள், கட்டடங்கள் வடக்கத்திப் பாணி, முகம் மட்டும் இத்தாலிய முறையில் முடித்ததுபோல இருக்கிறது, அதைச் செய்தது வெனிஸ் ஓவியர் யாகொமெத்தோவாக இருக்கலாம் என்று போகிறது அவர் குறிப்பு. வரைந்து அறுபது ஆண்டுகூட ஆகாத நிலையில் இவ்வளவு குழப்பம். 1894-இல் நேஷனல் கேலரி இதை வாங்கியது. இன்று அந்தோனெல்லோ என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மிக்கியேல் கண்ட வடக்கத்திச் சாயல் எங்கிருந்து வந்தது? அந்தோனெல்லோ புரூஜஸ் நகரத்துக்கே போய் வான் எய்க்கிடம் எண்ணெய் வண்ண ரகசியத்தைக் கற்றுவந்தார் என்று 16-ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதினார். கதை சுவையானது, கணக்கு இடிக்கிறது: வான் எய்க் 1441-இல் இறந்தபோது அந்தோனெல்லோ சிறுவன். நம்பத்தகுந்த பாதை நேப்பிள்ஸ் வழியாகச் செல்கிறது. அவர் அங்கே ஓவியர் கொலாந்தோனியோவிடம் பயின்றார் என்று 1524-இல் சும்மோந்தே என்பவர் ஒரு கடிதத்தில் எழுதினார். கடிதம் போனதும் இதே மிக்கியேலுக்குத்தான். நேப்பிள்ஸை ஆண்ட அல்போன்சோவிடம் வான் எய்க்கின் முப்பலகை ஓவியம் ஒன்று இருந்தது. அதன் ஒரு பலகையில் நூலறையில் ஜெரோம். அந்த ஓவியம் இன்று இல்லை. ஆனால் 1456-இல் எழுத்தாளர் பர்த்தொலொமேயோ ஃபாத்சியோ அதை விவரித்திருக்கிறார்: கொஞ்சம் தள்ளி நின்றால் நூலறை உள்நோக்கிப் போவதுபோலவும் புத்தகங்கள் முழுதாக விரிந்திருப்பதுபோலவும் தோன்றும், அருகே போனால் அவற்றின் தலைப்பகுதிகள் மட்டுமே தெரியும்.

தூரத்தில் ஒன்று, கிட்டே வேறொன்று. படிக்க முடியாத அந்தத் தாளின் குறும்புக்கு மூலம் இங்கே இருப்பதாகத் தோன்றுகிறது. அல்போன்சோவின் படத்தை நேராகப் பார்த்தோ, ஆசிரியர் வழியாகக் கேட்டோ, அந்தப் பாடத்தை அந்தோனெல்லோ உள்வாங்கியிருக்க வேண்டும். கொலாந்தோனியோவும் ஒரு ஜெரோம் வரைந்திருக்கிறார். நேப்பிள்ஸ் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆசிரியர் படத்தில் ஜெரோம் சிங்கத்தின் பாதத்தைக் கையில் பிடித்து முள்ளை எடுக்கிறார். சுற்றிலும் காகிதமும் புத்தகமும் சிதறிக் கிடக்கின்றன. பொருள்கள் ஒவ்வொன்றும் நம் முகத்துக்கு நேரே. மாணவர் அதே சரக்கை எடுத்துக்கொண்டு, நம்மை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

இனி அந்தச் சின்னங்கள். மயிலின் இறைச்சி அழுகாது என்று புனித அகுஸ்தீன் எழுதியதால் அது அழியாமைக்கு அடையாளம். தாம்பாளமும் வெண்துண்டும் மரியாவுக்கு வானதூதர் செய்தி சொல்லும் ஓவியங்களில் தூய்மையைக் குறித்து வருபவை. கௌதாரியில்தான் சிக்கல். எரேமியா நூலில் அது தானிடாத முட்டையை அடைகாக்கும் பறவை, அநியாயமாய்ச் சொத்து சேர்ப்பவனுக்கு உவமை. வேறிடங்களில் நல்ல பொருளிலும் வருகிறது. ஒரே பறவைக்கு நேர்மாறான இரண்டு பொருள் இருக்கும்போது ஏதோ ஒன்றைத் துணிந்து சொல்லிவிடுவது விளக்கம் ஆகாது. பூனைக்கும் அப்படித்தான். பூனையைச் சாத்தான் என்று எழுதியவர்கள் உண்டு. எலி புத்தகத்தோலை அரிக்கும், நூலறையில் பூனை வளர்ப்பார்கள் என்பது அதைவிட எளிமையான காரணம். ஒரு சின்ன விதியை வைத்துக்கொள்ளலாம்: பொருளை எடுத்துவிட்டால் படத்தின் அமைப்பு குலையுமா என்று முதலில் கேளுங்கள். பறவைகளையும் தாம்பாளத்தையும் எடுத்தால் வாசற்படி வெறும் கல் பட்டையாகிவிடும், நம் பக்கம் எது அவர் பக்கம் எது என்று தெரியாது. அவை அங்கே இருப்பதற்கு அது போதுமான காரணம். அர்த்தம் அதற்கு மேல்.

இதைப் பார்த்த கையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை மூன்று. புளோரன்ஸ் ஓஞ்ஞிசாந்தி தேவாலயத்தில் கிர்லாந்தாயோ 1480-இல் வரைந்த சுவரோவியம். மேசையில் மூக்குக் கண்ணாடியும் மைக்கூடும் இருக்கும், ஜெரோம் நம்மையே பார்ப்பார், அதனால் தூரம் என்பதே இராது. டியூரரின் 1514 செப்புத்தகட்டு அச்சு. ஜன்னல் வழி வெயில் அறை முழுக்கப் பரவியிருக்கும், சிங்கம் முன்னால் தூங்கும். மூன்றாவது வெனிஸ் ஸ்கியாவோனி மன்றத்தில் கார்ப்பாச்சோ வரைந்த படிப்பறை ஓவியம். இதையும் வெகுகாலம் ஜெரோம் என்றே நம்பிவந்தார்கள். அறையில் சிங்கம் இல்லை, ஒரு சின்ன வெள்ளை நாய்தான் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர் ஆயர். ஜெரோம் இறந்த வேளையில் அவர் குரலைக் கேட்டு எழுதுவதை நிறுத்திய அகுஸ்தீன் அது என்று 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. அந்த மன்றத்திலேயே ஜெரோம் கதையை ஒட்டிய வேறு இரண்டு படங்கள் பக்கத்தில் இருந்ததால் வந்த குழப்பம்.